புதன்கிழமைத் தடுப்பூசி அறை: ஐந்தாம் நாளில் திறக்கப்பட்ட ஒரு குப்பி

எங்கள் பேத்தி பிறந்த ஐந்தாம் நாள், ஒரு புதன்கிழமை காலையில், செங்கல்பட்டு மாவட்டத்தில் நாங்கள் வசிக்கும் பகுதியின் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவளைத் தூக்கிக்கொண்டு சென்றோம். ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம் என்று பிறகும் மூன்று முறை அதே தடுப்பூசி அறைக்குப் போய் வந்துவிட்டோம். நான்கு முறையும் கண்டவற்றை வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. அரசு மருத்துவமனை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில், நுண்ணுயிர்ப் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பச்சிளங்குழந்தைகளின் இரத்தத்தை வளர்ப்பு ஊடகத்தில் இட்டு, மறுநாள் காலையில் அது கலங்கியிருப்பதைப் பார்த்து வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லும் வேலையை ஆண்டுக்கணக்கில் செய்திருக்கிறேன். அதனால், பிறந்த குழந்தைக்கான தடுப்பூசிச் சேவையை மதிப்பிடும்போது நாற்காலி, மின்விசிறி, வரவேற்பு ஆகியவற்றை விட, எந்த நாளில் எந்த ஊசி போடப்பட்டது என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

பேத்தி பிறந்தது ஒரு தனியார் மருத்துவமனையில். முப்பத்தேழாம் வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 2,350 கிராம். எடை குறைவு என்றாலும் பால் நன்றாகக் குடித்தாள், உடல் சூடு சரியாக இருந்தது. போலியோ சொட்டு மருந்தையும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்கான ஊசியையும் பிறந்த அன்றே போட்டுவிட்டார்கள். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. காசநோய்க்கான பிசிஜி ஊசியைப் பற்றிக் கேட்டபோதுதான், "அந்தக் குப்பியில் பத்துக் குழந்தைக்கு மருந்து இருக்கும்மா, பத்துப் பேர் சேர்ந்தாதான் உடைப்போம், ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்றார்கள். சொன்னவர் மரியாதையாகவே சொன்னார். அவர் சொன்ன காரணத்திலும் பொய் இல்லை. பிசிஜி உறைநிலையில் உலர்த்தப்பட்ட தூளாக வருகிறது. உப்புநீரில் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்கு மேல் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியின் குப்பியைப் போல, திறந்த பிறகும் உரிய குளிரில் 28 நாட்கள் வரை வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே ஒரு குழந்தைக்காகத் திறந்தால் ஒன்பது பேருக்கான மருந்து வீணாகும். கணக்குப் பார்க்கும் எந்த நிர்வாகமும் காத்திருக்கவே விரும்பும். காத்திருக்கும் அந்த இரண்டு வாரங்களைக் குழந்தை எப்படிக் கடக்கிறது என்பதுதான் என் கவலையாக இருந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்றைக்குப் பிறந்த குழந்தைகள் இருவர் மட்டுமே வந்திருந்தார்கள். எங்கள் பேத்தியும், பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஓர் ஆண் குழந்தையும். மற்றவர்கள் எல்லாம் ஆறு வாரம், ஒன்பது மாதம், ஒன்றரை வயதுப் பிள்ளைகள். இங்கும் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற நினைப்பில், "சிஸ்டர், பிசிஜி இன்னைக்குப் போடுவீங்களா?" என்று சற்றுத் தயங்கியே கேட்டேன். கிராம சுகாதார செவிலியர் பதிவேட்டிலிருந்து நிமிர்ந்து, "ஒரு குழந்தை வந்தாலும் திறக்கணும்னுதான் எங்களுக்குச் சொல்லியிருக்காங்கம்மா. மீதி டோஸை வீணான கணக்குல எழுதிக்குவேன்" என்றார். நம் நாட்டின் தடுப்பூசித் திட்டம் பிசிஜி மருந்தில் பாதி வரை வீணாகலாம் என்று கணக்கில் கொண்டுதான் கொள்முதலைத் தீர்மானிக்கிறது. மருந்து வீணாவதைத் தாங்கிக்கொள்ள அரசின் கணக்கிலேயே இடம் இருக்கிறது என்பதும், அந்த இடத்தைக் குழந்தைக்காகப் பயன்படுத்தத் தயங்காத ஒரு செவிலியர் அங்கே இருந்தார் என்பதும் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தன.

அவர் வேலை செய்த விதத்தைக் கிட்டே நின்று பார்த்தேன். ஐஸ் பேக்குகள் அடுக்கிய பெட்டியிலிருந்து பழுப்பு நிறக் குப்பியை எடுத்தவுடன், அதன் மேல் இருந்த வெப்பங்காட்டி வில்லையை என்னிடம் காட்டினார். வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் வட்டத்தை விட வெளிறியிருந்தால் மருந்து வெப்பத்தில் கெடவில்லை என்று பொருள்; சதுரம் வெள்ளையாகவே இருந்தது. கரைப்பதற்கான உப்புநீரும் அதே குளிரில் இருந்தது. கரைத்த நேரத்தைக் குப்பியின் மேலேயே பேனாவால் குறித்தார். ஒரு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 0.05 மில்லி மட்டுமே தர வேண்டும். அந்தச் சிறிய அளவைத் தோலுக்குக் கீழே விட்டுவிடாமல், தோலின் அடுக்குக்குள்ளேயே செலுத்த வேண்டும். பேத்தியின் இடது தோளை இரண்டு விரல்களால் இழுத்துப் பிடித்து, ஊசியை ஏறத்தாழப் படுக்கை வாக்கில் நுழைத்தார். ஆரஞ்சுத் தோலைப் போலப் புள்ளி புள்ளியாக, வெளிறிய சிறு கொப்புளம் ஒன்று எழும்பியது. ஐந்து மில்லிமீட்டர் இருக்கும். குழந்தை வீறிட்டு அழுது, தாயின் மார்பில் வாய் வைத்ததும் அடங்கிவிட்டாள்.

இந்த அவசரம் ஏன் என்று சிலர் கேட்கலாம். பிறந்த குழந்தையின் உடலில் இருக்கும் எதிர்ப்பாற்றலில் பெரும்பகுதி தாயிடமிருந்து வாங்கி வந்தது. நஞ்சுக்கொடி வழியாக ஐஜிஜி வகை எதிர்ப்புரதங்கள் கருவுக்குள் செல்கின்றன. அவற்றில் பெரும்பங்கு கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் போய்ச் சேர்கிறது. அதனால் முன்கூட்டியே பிறக்கும் குழந்தை, அந்தச் சீதனத்தை முழுமையாகப் பெறாமலே வந்துவிடுகிறது. கர்ப்பிணிக்குப் போடும் டிடி ஊசி பிள்ளையை இரணஜன்னியிலிருந்து காப்பதும் இந்த வழியில்தான். சீம்பாலில் நிறைந்திருக்கும் ஐஜிஏ என்னும் வேறொரு வகை எதிர்ப்புரதம் குடலின் உட்சுவரில் படிந்து காவல் நிற்கிறது. குழந்தையின் சொந்த நோயெதிர்ப்பு மண்டலம் இல்லாமல் இல்லை. அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்வதே பொருத்தம். கருப்பையில் தாயின் செல்களோடு சண்டையிடாமல் இருக்கவும், பிறந்தவுடன் குடலில் குடியேறும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களை ஏற்றுக்கொள்ளவும் அந்த அடக்கம் தேவைப்படுகிறது. அதற்கு ஒரு விலையும் உண்டு. ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்றும் பெரியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களிடமே அது நிலைத்துத் தங்குகிறது. பிறக்கும்போது தொற்றினாலோ, நூற்றில் தொண்ணூறு குழந்தைகள் வரை அந்த வைரஸை வாழ்நாள் முழுவதும் சுமக்க நேர்கிறது. முதல் 24 மணி நேரத்துக்குள் அந்த ஊசி போடப்பட வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான்.

பிறப்பு, இறப்புகளைக் கணிக்க அரசு நடத்தும் மாதிரிப் பதிவு முறையின் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியாவில் உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 20 பேர் முதல் 28 நாட்களுக்குள் இறந்தார்கள். குறைப்பிரசவம், மூச்சுத் திணறல் ஆகியவற்றோடு, இரத்தத்தில் கிருமி பரவும் செப்சிஸும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். என் மேசைக்கு வந்த புட்டிகளில் பெரும்பாலும் வளர்ந்தவை கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், இ.கோலை ஆகியவை, பல மருந்துகளுக்கும் அடங்காதவையாக அவை மாறிக்கொண்டிருந்ததைக் கண்கூடாகப் பார்த்தேன். இந்தக் கிருமிகளுக்கு எதிராக இந்தக் குழந்தைகளுக்குப் போடத் தடுப்பூசி எதுவும் இன்று நம் கையில் இல்லை. கை கழுவுதல், தாய்ப்பால், தொப்புள்கொடியில் எதையும் தடவாமல் உலர விடுதல், குழந்தையை மார்போடு அணைத்துச் சூடாக வைத்தல் ஆகியவைதான் காப்பு.

இந்த விஷயத்தில் அந்தச் செவிலியரின் சேவை ஊசியைத் தாண்டியும் நீண்டது. எங்களோடு வந்திருந்த சம்பந்தி அம்மா, குழந்தைக்குச் சேனை வைக்க வேண்டும் என்று இரண்டு நாட்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் மூத்த, நல்ல குணமுள்ள ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ விரலில் தொட்டுப் பிறந்த குழந்தையின் நாக்கில் வைப்பது நம் பக்கத்து வழக்கம். அவர் அதை அன்பினால் கேட்கிறார் என்பது தெரிந்ததால் என் மகள் மறுக்கவும் முடியாமல், ஒப்பவும் முடியாமல் இருந்தாள். செவிலியர் இதைக் கேட்டுவிட்டு, "பெரியம்மா, உங்க குணம் பிள்ளைக்கு வரணும்னா மடியில வச்சுப் பேசுங்க, பாடுங்க. வாயில வைக்கிறது தாய்ப்பால் மட்டும் இருக்கட்டும், ஆறு மாசம் வரைக்கும்" என்றார். தேனில் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும், ஒரு வயது வரை கொடுக்கவே கூடாது என்பதையும், குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதுவதும் உரைமருந்து புகட்டுவதும் ஏன் வேண்டாம் என்பதையும் அடுத்த ஐந்து நிமிடங்களில் எவர் மனமும் கோணாமல் சொல்லி முடித்தார். சம்பந்தி அம்மா வீட்டுக்கு வந்ததும் அந்தச் சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். மருத்துவமனையில் கொடுத்த வண்ணக் கையேடு செய்யாததை ஒருவரின் பேச்சு செய்தது.

இனி பிசிஜியின் பரந்த விளைவுகளுக்கு வருகிறேன். ஐந்தாம் நாளுக்கும் இருபதாம் நாளுக்கும் வேறுபாடு உண்டு என்று நான் கருதுவதற்கு அதுவும் ஒரு காரணம். மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவு நாட்டில், பீட்டர் ஆபி 1978-இல் தொடங்கிய பாண்டிம் சுகாதாரத் திட்டத்தின் ஆய்வாளர்கள், எடை குறைந்து பிறந்த குழந்தைகளில் சிலருக்குப் பிறந்தவுடனும், மற்றவர்களுக்கு அந்நாட்டு வழக்கப்படி தாமதமாகவும் பிசிஜி போட்டு ஒப்பிட்டார்கள். மூன்று சோதனைகளையும் சேர்த்து 2017-இல் வெளியிட்ட முடிவில், உடனே ஊசி பெற்றவர்களிடையே முதல் 28 நாட்களின் இறப்பு 38 விழுக்காடு குறைந்திருந்தது. முதல் மாதத்தில் குழந்தைகள் காசநோயால் இறப்பது அரிது. எனவே இந்தக் குறைவு வேறு தொற்றுகளிலிருந்து கிடைத்த காப்பாகவே இருக்க வேண்டும். உகாண்டாவின் என்டெபியில் 560 குழந்தைகளிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்விலும், பிறந்தவுடன் பிசிஜி பெற்றவர்களுக்கு முதல் ஆறு வாரங்களில் காசநோய் அல்லாத தொற்றுகள் 29 விழுக்காடு குறைவாக வந்தன. பிசிஜி எலும்பு மச்சையைத் தூண்டி, சில நாட்களுக்குள் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களைப் பெருக்குகிறது என்று 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று பிறந்த எலிக்குட்டிகளில் காட்டியது. பிறவியிலேயே அமைந்த நோயெதிர்ப்புச் செல்களும் முன்பு கண்ட தூண்டலால் பழகி, அடுத்த கிருமியிடம் வேகமாக எதிர்வினை செய்கின்றன என்பது நெதர்லாந்தின் மிஹாய் நெட்டேயாவும் அவர் குழுவினரும் விளக்கிய கருத்து. பயிற்சி பெற்ற நோயெதிர்ப்பு என்று அதை அழைக்கிறார்கள்.

ஆனால் எல்லா இடத்திலும் இந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் 4,262 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், பிறந்தவுடன் பிசிஜி போட்டதால் 15 மாதங்கள் வரையிலான மருத்துவமனைச் சேர்க்கை குறையவில்லை. தென்னிந்தியாவில் 2,000 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்கு ரஷ்ய வகை பிசிஜி போட்டு, 2019-இல் வெளியான ஆய்வுகளிலும் முதல் மாத இறப்பு குறையவில்லை. கினி-பிசாவில் பயன்பட்டது டேனிஷ் வகை. வகை வேறுபாடா, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளின் நிலை வேறுபாடா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். கினி-பிசாவு முடிவுகளையே ஐயத்துடன் பார்ப்பவர்களும் உண்டு. ஆகவே, இந்த ஊசி என் பேத்தியை எல்லாக் கிருமிகளிலிருந்தும் காக்கும் என்று நான் எவரிடமும் சொல்ல மாட்டேன். காசநோய்க்காக எப்படியும் போட வேண்டிய ஊசி இது. முன்கூட்டிப் போடுவதால் கூடுதல் பலன் கிடைக்க வாய்ப்பு உண்டு, இழப்பு ஒன்றும் இல்லை. எடை குறைந்து பிறந்த குழந்தையின் வீட்டார் இரண்டு வாரம் காத்திருக்க மறுப்பதற்கு இதுவே எனக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது.

அன்று வரிசையில் நின்ற ஓர் இளைஞர், பிசிஜி வேலை செய்யாது என்று இந்த மாவட்டத்திலேயே நிரூபித்துவிட்டார்களாமே என்று கேட்டார். அவர் கேட்டது 1968-இல் தொடங்கிய செங்கல்பட்டுச் சோதனையைப் பற்றி. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் சுமார் 2,60,000 பேரிடம் நடந்த அந்தப் பெரிய ஆய்வில், சளியில் கிருமி தென்படும் நுரையீரல் காசநோயைப் பிசிஜி தடுக்கவில்லை என்பது உண்மை. குழந்தைகளைக் கொல்லும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயையும், உடல் முழுதும் சிதறிப் பரவும் மிலியரி வகையையும் அது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தடுக்கிறது என்பதும் அதே அளவுக்கு உண்மை. பிறந்த குழந்தைக்கு அதைப் போடுவது அதற்காகத்தான்.

ஆறாம் வார வருகையில் இடது தொடையில் பென்டாவேலன்ட், வலது தொடையில் நிமோனியாவைத் தடுக்கும் நிமோகோக்கல் ஊசி, வலது மேற்கையில் போலியோ ஊசி, வாயில் போலியோ சொட்டும், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா மருந்தும் கொடுத்தார்கள். சொட்டு மருந்துகளை முதலில் கொடுத்து, ஊசிகளைப் பிறகு போட்டதால், அழும் வாயில் மருந்தை ஊற்ற வேண்டிய நிலை வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் புதிய, தானே பூட்டிக்கொள்ளும் ஊசிக்குழல். பயன்படுத்தியவுடன் நம் கண்முன்னே ஊசிமுனை வெட்டப்பட்டது. எந்த நோய்க்கான மருந்து, காய்ச்சல் வந்தால் எடைக்கு ஏற்ற பாராசிட்டமால் அளவு எவ்வளவு, அடுத்த நாள் எது, அட்டையைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்ற நான்கையும் சொல்லி, அரை மணி நேரம் உட்கார வைத்தே அனுப்பினார்கள். அன்று இரவு பேத்திக்கு லேசான காய்ச்சல் வந்து மறுநாள் மாலைக்குள் இறங்கியது.

நிமோகோக்கல் ஊசியைப் பற்றி ஒரு சொல். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடல், சர்க்கரை உறை போர்த்திய கிருமிகளைச் சரியாக இனங்காண்பதில்லை. அந்த உறையை ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுத்தால் கண்டுகொள்கிறது. தென்னாப்பிரிக்காவில் இந்த வகை ஊசி பெற்ற குழந்தைகளிடையே, வைரஸ் தொடர்புள்ள நிமோனியாவுக்காக மருத்துவமனையில் சேர்வதும் 31 விழுக்காடு குறைந்தது என்று 2004-இல் வெளியிட்டார்கள். வைரஸுக்குப் பின்னால் ஒளிந்து வரும் பாக்டீரியாவை ஊசி தடுத்துவிட்டதே காரணம். குழந்தைகளின் தொண்டையில் கிருமி குறைந்தால் வீட்டிலுள்ள முதியவர்களுக்கும் நோய் குறைகிறது; அமெரிக்காவில் 2000-க்குப் பிறகு அது தெளிவாகத் தெரிந்தது. பேத்தியின் தொடையில் ஏறிய ஊசியில் எனக்கும் பங்கு உண்டு.

குறைகளும் உண்டு, அவற்றில் ஒன்று கடுமையானது. தடுப்பூசிக்கு வருபவர்களும் காய்ச்சல், இருமலுக்கு வரும் வெளிநோயாளிகளும் ஒரே கூடத்தில்தான் காத்திருக்கிறார்கள். முதல் வருகையில் ஒரு மணி நாற்பது நிமிடம் காத்திருந்தோம்; எங்கள் பின்வரிசையில் ஒரு பெரியவர் விடாமல் இருமிக்கொண்டே இருந்தார். கக்குவான் இருமலுக்கான காப்பு பென்டாவேலன்டில்தான் இருக்கிறது, அதன் முதல் தவணையே ஆறாம் வாரத்தில்தான். அதுவரை குழந்தைக்கு அந்த நோய் பெரியவர்களிடமிருந்தே வருகிறது. ஐந்து நாள் குழந்தையை அந்தக் கூடத்தில் வைத்திருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பின்புறத் தாழ்வாரத்தில் இரண்டு பெஞ்சுகளைப் போட்டு, தடுப்பூசி அறைக்குத் தனி வாசலைத் திறந்துவிட்டால் செலவே இல்லாமல் இது தீரும். பொறுப்பு மருத்துவரிடம் எழுதிக் கொடுத்தேன். பதினான்காம் வாரத்தில் போனபோது பெஞ்சுகள் வந்திருந்தன. வாசல் இன்னும் பூட்டியே கிடந்தது.

சுவரில் தொங்கும் அட்டவணையும் பழையது. தமிழ்நாட்டில் 2021-இல் சேர்க்கப்பட்ட நிமோகோக்கல் தடுப்பூசி அதில் இல்லை. அதைப் பார்த்துவிட்டு, எதற்கு மூன்று ஊசி என்று ஒரு தாய் அச்சத்தோடு கேட்டதை நானே கேட்டேன். பாலூட்டுவதற்குத் திரைச்சீலை கட்டிய மூலை ஒன்று இருக்கிறது, ஆனால் இருவருக்கு மேல் அமர முடியாது. கட்டணம் எதுவும் இல்லை.

பேத்தியின் தோளில் எழும்பிய கொப்புளம் அரை மணி நேரத்தில் அமுங்கியது. நான்காம் வாரத்தில் சிவந்த கட்டியாகி, உடைந்து, எதையும் தடவாமலே காய்ந்தது. பதினான்காம் வாரத்தில் அங்கே ஐந்து மில்லிமீட்டர் வட்டத் தழும்பு இருந்தது. ஊசி தோலின் அடுக்குக்குள் சரியாகப் போயிருக்கிறது. கினி-பிசாவில் தழும்பு விழுந்த குழந்தைகளிடையே இறப்பு குறைவாக இருந்தது என்று அங்கே பதிவாகியிருப்பதால், செவிலியரின் கைத்திறனை அளக்க நான் நம்பும் அளவுகோலும் அதுதான்.

அடுத்து, ஒன்பது மாதம் நிறைந்ததும் தட்டம்மை–ரூபெல்லா ஊசி. தட்டம்மை வந்து போன பிள்ளைகள், அதற்கு முன் பல கிருமிகளுக்கு எதிராகச் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புரதங்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை இழந்திருந்தார்கள் என்று, நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளை ஆராய்ந்து 2019-இல் எழுதினார்கள். அந்த ஊசிக்கும் இதே அறைக்குத்தான் போகப்போகிறோம். அட்டையில் செவிலியர் நாளைக் குறித்துக் கொடுத்திருக்கிறார், அதுவும் ஒரு புதன்கிழமை.